யார் செய்த வண்டி?

வீதியிலே ஒரு மோட்டார் வண்டி விரைகிறது. யார் செய்த வண்டி அது என்று கேட்டால், முகப்பிலே மின்னும் பெயரைப் படித்துச் சொல்லிவிடுகிறோம். ஆஸ்டின் என்கிறோம், அம்பாசிடர் என்கிறோம், லான்சர் என்கிறோம். எவன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அவனே செய்தவன் என்று கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. வானளாவும் கோபுரத்தைக் காட்டி, மன்னன் கட்டினான் என்கிறோம். மன்னன் கையிலே உளி இருந்ததாக எவரும் எண்ணுவதில்லை; எனினும் அப்படித்தான் பேசுகிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலே பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறதே என்று கற்றோர் சொல்லக்கூடும். இருக்கிறது. கல் சுமந்த ஆயிரமாயிரவர் பெயர் எங்கே?

செய்தவன் யார் என்ற இந்தக் கேள்வி, திண்ணையிலே சாய்ந்துகொண்டு பொழுதுபோக்கப் பேசும் தத்துவக் கேள்வி அன்று. எண்ணூரிலும் திருவள்ளூரிலும் இந்தக் கேள்விக்குத் தொழில் உலகம் தந்த விடையைப் பொறுத்தே பலருடைய சோறும் வேலையும் அமைந்தன. ஆகவே அந்த இரண்டு ஊர்க் கதையையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. தோற்றுவித்தவர் ரகுநந்தன் சரண். பெயர் அவருடைய மகன் அசோக்கின் பெயர். தொழிற்சாலை எண்ணூரில். அந்நாளிலே எண்ணூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-லே திருவள்ளூர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுள் வந்தது. இன்று சென்னைக்குள் அடங்கிவிட்டது. ஊர் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது!

அங்கே என்ன செய்தார்கள்? இங்கிலாந்திலே, பர்மிங்காமை அடுத்த லாங்பிரிட்ஜ் ஆலையிலே உருவான ஆஸ்டின் ஏ40 காரின் உறுப்புகள் கப்பலேறி வந்தன. அவற்றை எண்ணூரிலே ஒன்றோடொன்று பூட்டி, முறுக்கி, ஓடவைத்து வெளியே அனுப்பினார்கள். 1949-லே இந்த வேலை தொடங்கிற்று. விடுதலை பெற்ற நாட்டிலே, நம் மண்ணிலே, நம் கைகளாலே கார் உருவாகிறது என்ற பெருமிதம் அன்று எழுந்திருக்கும். எழுந்ததிலே தவறும் இல்லை. ஆனால், பெருமிதம் ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மை நிலை என்ன?

அந்தக் காரின் ஒரு திருகாணியைக்கூட மாற்றும் உரிமை எண்ணூருக்கு இல்லை. கதவு இந்த அளவு ஏன், வில் இந்த வளைவு ஏன் என்ற கேள்விகளுக்கு விடை லாங்பிரிட்ஜிலே இருந்தது. 1952-லே ஆஸ்டினும் மோரிசும் ஒன்றாக இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. இந்தியாவிலே மோரிசின் கூட்டாளியாக ஏற்கெனவே வேறொரு நிறுவனம் இருந்தது: இந்துஸ்தான் மோட்டார்ஸ். எண்ணூரைக் கேட்டா அந்த இணைப்பு நடந்தது? 1953-லே இந்திய அரசின் தீர்வைக் குழு, வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இங்கே இடமில்லை. படிப்படியாக உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டம் உடையவர்களே இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. பம்பாயிலே 1928 முதல் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை மூடிற்று. ஃபோர்டும் கடையைக் கட்டியது.

அசோக் மோட்டார்ஸ் வேறு வழியை முன்பே தேடத் தொடங்கியிருந்தது. 1950-லேயே லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு. 1951-லே காமெட் லாரிகள். சரண் விமான விபத்திலே மறைந்தார். 1955-லே பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. மோட்டார்ஸ் என்ற சொல் போயிற்று, கார் போயிற்று, லாரியும் பஸ்ஸும் நின்றன, நிலைத்தன. கார் செய்யும் நிறுவனமாக அது வாழ்ந்தது ஏறத்தாழ ஏழே ஆண்டுகள்.

இப்படி ஒரு நிறுவனமோ ஒரு வண்டியோ மறைந்தால், ‘காலம் சரியில்லை’ என்பார் ஒருவர். ‘அதற்கு விதித்தது அவ்வளவு’ என்பார் இன்னொருவர். நன்றாகப் பாருங்கள்: பர்மிங்காமிலே ஓர் இணைப்பு, டெல்லியிலே ஒரு குழு, லங்காஷயர் லேலண்டோடு ஓர் உடன்பாடு. மூன்றுக்கும் ஆண்டு இருக்கிறது, ஆள் இருக்கிறது, காகிதம் இருக்கிறது. காரணம் கண்ணெதிரே காகிதமாகக் கிடக்கும்போது அதற்கு விதி என்று பெயரிடுவது, காரணமானவர்களுக்கு நாம் செய்யும் இலவச ஊழியம்.

கார் நிறுவனங்கள் பிறந்து விரைவிலே மறைந்தது நம் நாட்டில் மட்டும்தானா? அமெரிக்காவிலே அதுவே ஊர்வலமாக நடந்தது. துரியா சகோதரர்கள் 1896-லே ஒரே அமைப்புள்ள 13 வண்டிகளைச் செய்து, அந்நாட்டிலே கார் விற்பனைத் தொழிலுக்கு வித்திட்டார்கள். சில ஆண்டுகளிலே அவர்கள் நிறுவனம் கலைந்தது. 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே செய்யப்பட்ட கார்கள் 4,192. அவற்றிலே நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே! கடைசியாக நின்றது எதுவென்று நமக்குத் தெரியும். அன்று எவருக்கும் தெரியாது.

அந்தக் கூட்டத்திலே ஒருவர் ஹென்றி ஃபோர்டு. உலகம் அறிந்த ஃபோர்டு நிறுவனம் அவருடைய முதல் நிறுவனம் அன்று. 1899-லே டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி என்ற ஒன்றிலே சேர்ந்தார். ஏறத்தாழ 20 வண்டிகள் செய்து, 1901 தொடக்கத்திலே அது கலைக்கப்பட்டது. அடுத்து அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம், பணம் போட்டவர்களோடு மனவேற்றுமை, 1902-லே வெளியேறினார். அந்த நிறுவனத்தை ஹென்றி லீலண்ட் என்ற பொறியாளர் சீர்படுத்த, அது காடிலாக் ஆயிற்று. (எண்ணூரின் லேலண்டுக்கும் இந்த லீலண்டுக்கும் உறவு ஏதும் இல்லை, முன்னது ஊர்ப் பெயர்.) ஃபோர்டு 1903-லே மூன்றாம் முறை தொடங்கினார், அதுதான் நின்றது.

இரண்டு முறை விழுந்தவர் மூன்றாம் முறை எழுந்தது எதனாலே? முயற்சி திருவினையாக்கும் என்று சொல்லி மேடையை விட்டு இறங்கிவிடலாம். அது பாதி விடைகூட ஆகாது. முயன்று முயன்று மடிந்தவர்கள் அந்தப் பட்டியலிலே நூற்றுக்கணக்கிலே இருக்கிறார்கள். ஃபோர்டிடம் இருந்தது வேறொன்று. நிறுவனம் கலைந்தபோது கட்டடம் போயிற்று, பணம் போயிற்று. வண்டி ஏன் அப்படி இருக்கிறது, எப்படி இருந்தால் மேலும் நன்றாக ஓடும் என்ற அறிவு அவரோடு வாசற்படி தாண்டி வந்தது.

இங்கே ஒருவர் எழுந்து மறுக்கலாம். “ஃபோர்டு மட்டும் எல்லாவற்றையும் தாமே செய்தாரா? 1903-லே அவர் விற்ற காரின் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் செய்து கொடுத்தவர்கள் டாட்ஜ் சகோதரர்கள் அல்லவா? அவரும் பூட்டியவர்தானே! கொல்லன் இரும்பைத் தோண்டவில்லை. தச்சன் மரத்தை வளர்க்கவில்லை. நெசவாளி நூல் நூற்பதில்லை. உலகிலே எவன்தான் முழுக்கச் செய்தவன்?”

மறுப்பு கூர்மையானது, ஏற்க வேண்டியதுங்கூட. உறுப்பை எவன் வார்த்தான், எவன் கடைந்தான் என்பதை வைத்துச் செய்தவனையும் பூட்டியவனையும் பிரிக்க முடியாது. அப்படிப் பிரித்தால் உலகிலே செய்தவன் ஒருவனும் தேறமாட்டான். பிரிக்கும் கோடு வேறிடத்திலே இருக்கிறது. டாட்ஜ் செய்த எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், மாற்று என்று சொல்லும் உரிமை ஃபோர்டுக்கு இருந்தது. எண்ணூரிலே ஆஸ்டினைப் பூட்டியவர்களுக்கு அந்த உரிமை இல்லை. மாற்றும் உரிமையும், மாற்றத் தெரிந்த அறிவும் எவனிடம் இருக்கின்றனவோ அவனே செய்தவன். மற்றவர்கள், அவர்கள் கை எவ்வளவு திறமையான கையாக இருந்தாலும், பிறன் எண்ணத்தைச் சுமக்கும் கைகள்.

இதை வைத்துச் சில வண்டிகளை உரசிப் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்திலே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இருந்தது. 1961-லே அங்கிருந்து ஹெரால்டு என்ற சிறு கார் வெளிவந்தது. இங்கிலாந்துக்காரன் வகுத்தபடி இரண்டே கதவுகள். நம் வீட்டு நிலை என்ன? பாட்டியும் பேரனும், அத்தையும் மூட்டையுமாக ஏறும் குடும்பம். முன் இருக்கையை மடக்கிப் பின்னாலே நுழைவது நடக்கிற காரியமா! 1960-களின் இறுதியிலே அந்த நிறுவனம் ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தது. இங்கிலாந்திலே நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததில்லை. என் கணக்கிலே, அந்த இரண்டு கதவுகளைச் சேர்த்த நாள்தான் ஸ்டாண்டர்டு நிறுவனம் கார் ‘செய்த’ நாள். ஆனால் அந்நிறுவனம் வாழ்ந்ததா என்றால், இல்லை. கேசல் வந்து 1977 வாக்கிலே நின்றது. 1985-லே ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988-க்குள் அதுவும் முடிந்தது. மாற்றும் உரிமை இருந்தால் சாவு வராது என்று எவரும் எண்ண வேண்டாம்.

உரிமை இருந்தும் மாற்றாமலே உட்கார்ந்திருந்த வண்டியும் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு அச்சிலே 1957-லே தொடங்கிய அம்பாசிடர், உட்புறம் எஞ்சின் மாறியதே தவிர, 2014 மே மாதம் வங்கத்து உத்தரபாராவிலே வேலை நிறுத்திவைக்கப்படும் வரை ஏறத்தாழ அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. போட்டி இல்லாத சந்தை; பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கிலே காத்திருந்த வாடிக்கையாளர்; எதற்காக மாற்ற வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். ஆட்சியாளரும் அமைச்சரும் ஏறிச் சென்ற வண்டி என்பதாலே அதற்கு ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டது. மரியாதை எஞ்சினை ஓட்டாது.

இந்த அம்பாசிடர் நிறுவனத்தின் இன்னொரு கிளைதான் திருவள்ளூர் ஆலை. முதலிலே அங்கே மண்வாரும் பெரிய இயந்திரங்களைச் செய்தார்கள். அந்தப் பிரிவை 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கக் கேட்டர்பில்லர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கார் ஆலை 1998-லே தொடங்கிற்று. ஜப்பானிய மிட்சுபிஷியின் லான்சர் அங்கே உருவாயிற்று. அழகிய வண்டி, விரைவான வண்டி. பந்தய ஓட்டக்காரர்கள் விரும்பிய வண்டி. ஆனால், நடந்ததைக் கேளுங்கள்! ஜப்பானிலே 2000-ஆம் ஆண்டிலேயே அடுத்த தலைமுறை லான்சர் செடியா வந்துவிட்டது. திருவள்ளூருக்கு அது வந்தது 2006-லே. அந்த ஆறு ஆண்டுகளிலே அங்கே வெல்டிங் செய்தவனுக்கும், வண்ணம் பூசியவனுக்கும், இறுதிச் சோதனை செய்தவனுக்கும் கை தளர்ந்துவிட்டதா? திறமை குறைந்துவிட்டதா? சந்தையிலே புதுப்புது வண்டிகள் வந்துகொண்டிருக்க, அவர்கள் பழைய வண்டியையே பழுதில்லாமல் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மாற்று என்று சொல்லும் வாய் அவர்களுக்கு இல்லை.

பஜேரோ வந்தது, 2008-லே அவுட்லேண்டர் வந்தது, 2012-லே பஜேரோ ஸ்போர்ட் வந்தது. விற்பனை மட்டும் மெலிந்தது. பிறகு அதே கொட்டகையிலே இசுசு நிறுவனத்தின் வண்டிகள் 2014-ஐ ஒட்டி ஒப்பந்தத்திலே பூட்டப்பட்டன. 2016 ஏப்ரலிலே இசுசு தன் சொந்த ஆலையைத் திறந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீசிட்டியிலே. பிரான்ஸ் நாட்டு நிறுவனம் பங்கு சேர்ந்து, 2021 முதல் திருவள்ளூரிலிருந்து சிட்ரோயன் கார்கள் வெளிவரலாயின. ஒரே நிலம், ஒரே சுற்றுச்சுவர், ஒரே ரயில் நிலையம். பெயர்ப்பலகை மட்டும் மாறிற்று.

டெட்ராய்டிலே கட்டடம் போயிற்று, அறிவு நின்றது. திருவள்ளூரிலே கட்டடம் நின்றது, அறிவு? அது அங்கே வந்திருந்தால் அல்லவா நிற்பதற்கு! வரைபடம் ஜப்பானுக்கு உரியது. அதனோடு வந்தது, அது விடைபெற்றபோது போயிற்று.

நான் அயல்நாட்டு முதலை வெறுத்து இதை எழுதவில்லை. உள்நாட்டு முதலாளி கையிலே அறிவு இருந்த இடத்திலே என்ன ஆயிற்று என்பதற்கு அம்பாசிடரே சான்று. அது டெல்லியிலே இருந்தாலும் டோக்கியோவிலே இருந்தாலும், தொழிலாளியின் கைக்கு எட்டாத உயரத்திலே இருந்தது என்பதே என் குறை.

இனிப் பணக்கணக்குக்கு வருவோம். 2017-லே அம்பாசிடர் என்ற பெயரை, வண்டியை அன்று, ஆலையை அன்று, வெறும் பெயரை, பிரான்சின் பூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த வண்டி பள்ளத்திலும் மேட்டிலும் ஓடியதாலே வந்தது. ஓடும்படி பூட்டியவன் தொழிலாளி. ஓடாதபோது ஓடவைத்தவன், தெருமுனைப் பட்டறையிலே கரி படிந்த சட்டையோடு படுத்துக்கிடந்த மெக்கானிக். பெயருக்கு விலை வந்தபோது அந்தப் பேரத்திலே இவர்களுக்கு நாற்காலி இல்லை.

அதே நாட்டின் சட்டம் தொழிலாளியின் கைத்திறனுக்கு வைத்த விலையும் இருக்கிறது. 1953-லே தொழில் தகராறு சட்டத்திலே ஒரு விதியைச் சேர்த்தார்கள்: ஆட்குறைப்புக்கு ஆளானவனுக்கு, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலி. இருபது ஆண்டு உழைத்தவனுக்கு 300 நாள் கூலி. ஓர் ஆண்டுகூட நிறையவில்லை! 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அந்த 15 நாளையே வைத்துக்கொண்டு, மறுபயிற்சிக்கென்று இன்னொரு 15 நாள் கூலியை ஒரு நிதியிலே சேர்க்கச் சொல்கிறது. இந்த 15 நாளும் போராடிப் பெற்றது, அதை இகழ்வதற்கில்லை. ஆனால் அது எதற்கான தொகை? இழந்த கூலிக்கான தொகை. கற்ற கைக்கு, அந்தக் கை உயர்த்திய பெயருக்கு, கணக்குப் புத்தகத்திலே ஒரு பத்தியும் இல்லை.

‘கூலி வாங்கினான் அல்லவா, அதோடு கணக்குத் தீர்ந்தது’ என்பது பழைய வாதம். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டதோடு கணக்குத் தீரும்; ஏனெனில் இயந்திரம் கற்பதில்லை. மனிதன் கற்கிறான். முதல் நாள் ஒரு கதவைப் பொருத்த எடுத்துக்கொண்ட நேரத்திலே, ஆயிரமாவது நாள் பல கதவுகளைப் பொருத்துகிறான். எந்த வண்டியிலே எந்த இடத்திலே மழைநீர் கசியும் என்பதை வரைபடம் வரைந்தவனுக்கு முன்பே அறிகிறான். அந்த அறிவை அவன் கூலிக்கு விற்கவில்லை. எவரும் விலை பேசவும் இல்லை. கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் நிற்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியாகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞன் அங்கே வெந்து உழைக்கிறான், ஐ.டி.ஐ. படித்த நம் ஊர்ப் பிள்ளை பயிற்சியாளன் என்ற பெயரிலே உழைக்கிறான். அவன் பேசும் மொழி வேறு என்பதாலே இந்தக் கணக்கு மாறிவிடாது. இருவருக்கும் எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். ஏன் என்று சொல்லித் தருவார் இல்லை. வந்த இளைஞனைப் பகைத்துக்கொண்டு நம் பிள்ளை அந்த ‘ஏன்’ என்ற பாடத்தைப் பெற்றுவிடப் போவதில்லை.

இது கனவு அன்று, வேறிடத்திலே நடைமுறை. ஜெர்மனியிலே 1976-லே ஒரு சட்டம் செய்தார்கள். 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களிலே, மேற்பார்வைக் குழுவின் இடங்களிலே பாதி தொழிலாளர் தரப்புக்கு. எந்த வண்டி, எந்த ஆலை, எப்போது மாற்றம் என்ற பேச்சு நடக்கும் மன்றத்திலே உழைப்பவனும் அமர்கிறான். வியப்பு என்னவென்றால், அதே 1976-லே நம் அரசியல் சட்டத்திலும் 43-ஏ என்ற பிரிவு சேர்ந்தது: நிறுவன நிர்வாகத்திலே தொழிலாளர் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. அவர்களுடையது சட்டம், நம்முடையது வழிகாட்டும் கொள்கை. நீதிமன்றத்திலே கேட்டுப் பெற முடியாது. 1990-லே அதற்கென ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது; சட்டமாகவில்லை.

எட்டு ஆண்டு கழித்துத் திருவள்ளூரிலே லான்சர் ஓடத் தொடங்கிற்று. அங்கே அத்தகைய நாற்காலி ஒன்று இருந்திருந்தால் செடியா 2006-க்கு முன்பே வந்திருக்குமா என்பதை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. 2001-லேயே, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க அங்கே ஒருவன் இருந்திருப்பான்.